பிளந்த கல்லுக்குப் போன காற்று

அமுதவள்ளி கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஆனாலும் கிழக்குக் கரைத் தீவுகளில் எந்தப் பாறை எத்தனை மீட்டர் இறங்குகிறது, எந்த இடுக்கில் ஆமை படுக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். கிள்ளானில் மார்வினுடைய ஸ்கூபா கடையில் பதினோரு வருஷமாக, கடலுக்கடியில் மூச்சுவிட எடுத்துப்போகிற டேங்குக்குக் காற்று அடைக்கிறவர் அவர்தான். காலையில் காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து கம்ப்ரஸரை முடுக்கினால், மதியத்துக்குள் இருபத்தைந்து டேங்கு நிரம்பிவிடும்.

மார்வின் மாதா கோயிலுக்குத் தவறாதவர். கடைச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாரியம்மன் படத்தையும் மாட்டிக்கொள்ளச் சொன்னவர். தீவிலும் காற்று அடைத்துக் கொடுக்க ஆட்கள் உண்டு. அவர் வாங்க மாட்டார். "அக்கா அடைச்ச காத்துன்னா கண்ண மூடிட்டு எறங்கலாம்லா" என்று சொல்லி, டேங்குகளை லோரியில் ஏற்றி மெர்சிங் துறைமுகம் வரைக்கும் அனுப்புவார்.

அதற்குக் காரணம் அமுதவள்ளியின் மூக்கு. ஒவ்வொரு டேங்கையும் கொஞ்சம் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் மூடுவார். பின்சந்தில் யாராவது மோட்டார் சைக்கிளை ஓடவிட்டு நின்றால் போய் விரட்டிவிடுவார். மேலே தலைவலி தருகிற புகை, முப்பது மீட்டர் ஆழத்தில் நாலு மடங்காகி ஆளையே மயக்கிவிடும் என்று மார்வின் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்.

அன்று ஆடி வெள்ளி. எப்போதும் காற்று அடைத்து முடித்து, இயந்திரத்தை நிறுத்திய பிறகுதான் சாம்பிராணி போடுவார். அன்றைக்குக் கோயிலில் கூழ் ஊற்றும் வேலை இருந்தது. மதியம் போயாக வேண்டும். இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்று கம்ப்ரஸர் ஓடும்போதே தட்டில் கரி மூட்டினார். இரண்டு படத்துக்கும் காட்டி, கடை முழுக்கச் சுற்றி, கடைசியில் பின்வாசல் படியில் தட்டை வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நல்ல நாளில் நாலு மூலைக்கும் புகை போகட்டும் என்றுதான் நினைத்தார்.

பன்னிரண்டு மணிக்கு லோரிக்கார விஜயன் வந்து இருபத்து நாலு டேங்கை ஏற்றிக்கொண்டு போனார். ஒன்றுக்கு இடமில்லை. மார்வின் பன்னிரண்டு பேரோடு முந்திய நாளே மெர்சிங் போயிருந்தார். சனிக்கிழமை காலையில் அவர்கள் இறங்கப்போவது பிளந்த கல்லில். பாறையின் வெடிப்புக்குள் நுழைந்து மறுபக்கம் வர வேண்டிய இடம். உள்ளே ஒருவருக்கு முடியாமல் போனால் நேராக மேலே வர வழியில்லை. தலைக்கு மேல் கல்தான்.

தட்டைக் கழுவி வைக்கலாம் என்று பின்வாசலுக்குப் போன அமுதவள்ளி அப்படியே நின்றார். கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. கூரையில் ஒழுக்கு என்று, கம்ப்ரஸருக்குக் காற்று இழுக்கும் குழாயைப் புதன்கிழமை வேலையாட்கள் கீழே இறக்கிப் படிக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். அதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தட்டு அதன் வாய்க்கு நேர் கீழே இருந்தது.

மோந்து பார்த்தோமே என்று நினைத்தார். கடை முழுக்கச் சாம்பிராணி மணம் இருக்கும்போது மூக்கு எதைக் கண்டது? மிஞ்சிய டேங்கைத் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டிப் போய், எதிர்ப்புறம் நின்று திறந்தார். லேசாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

பக்கத்து டோபிக் கடை கௌசலா துணி மடித்தபடி கேட்டார். "என்னக்கா, டேங்க தூக்கிட்டு ரோட்டுல நிக்கிறீங்க?"

அமுதவள்ளி சொன்னார்.

"சாமி புகைதானே? அது போயி யார என்ன செய்யப் போவுது?"

"சாம்பிராணி சாமிக்கு. கரி கரிதான், கௌசலா."

"அப்ப மெஷின் பழுதுன்னு சொல்லிடுங்க. அம்மன் படத்த மாட்ட விட்டதே பெருசு. இதச் சொன்னா படத்தையும் கழட்டுவாரு, உங்களையும் கழட்டுவாரு. அம்பத்திரண்டு வயசுல எங்க போயி வேல தேடுவீங்க?"

அதுவும் பொய்யில்லை. அமுதவள்ளி கடைக்குத் திரும்பி அம்மன் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. போனை எடுத்து மார்வினைக் கூப்பிட்டார்.

"தம்பி, லோரியில வர்ற டேங்க யாரும் தொடக் கூடாது."

"ஏன்க்கா, என்னாச்சு?"

"கம்ப்ரஸர் ஓடுறப்ப நான் சாம்பிராணி போட்டேன். கொழாய் கீழ இருந்திச்சு. கரிப்புகை உள்ள போயிருச்சு."

"எத்தன டேங்கு?"

"எல்லாந்தான். மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. தப்பு என்னோடது."

மார்வின் சொன்னார்: "இங்க பன்னிரண்டு பேரு லீவு போட்டுட்டு வந்து ஒக்காந்திருக்காங்கக்கா. நீங்க மீனுக்கெல்லாம் சாம்பிராணி காட்டி அனுப்பியிருக்கீங்க." போன் வைக்கப்பட்டது.

அமுதவள்ளி கூழ் ஊற்றப் போகவில்லை. கம்ப்ரஸரின் வடிகட்டியைக் கழற்றிப் போட்டுப் புதியதை மாட்டினார். இரும்புக் கடையில் கம்பி வாங்கி வந்து, குழாயைக் கூரைக்கு மேலே தூக்கிக் கட்டினார். தட்டையும் கழுவி வைத்தார்.

மறுநாள் மதியம் மார்வின் கூப்பிட்டார். இருபத்து நாலையும் துறைமுகத்திலேயே திறந்து காற்றை வெளியேற்றிவிட்டதாகவும், தீவில் கெஞ்சி எட்டு டேங்கு வாங்கியதாகவும், பிளந்த கல்லை விட்டுவிட்டுக் கரையோரம் மட்டும் இறங்கியதாகவும் சொன்னார். ஒருவர் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கே கிளம்பிவிட்டாராம்.

"யாரு செஞ்சதுன்னு கேட்டாங்களா, தம்பி?"

"கேட்டாங்க. உங்க பேரத்தான் சொன்னேன். எப்படித் தெரிஞ்சதுன்னும் கேட்டாங்க. அதுக்கும் உங்க பேரத்தான் சொன்னேன்."

"நான் திங்கக்கெழம வரவா?"

"டேங்கெல்லாம் காலியாக் கெடக்கு. வராம எப்படி?"

திங்கட்கிழமை மார்வின் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அமுதவள்ளி அடைத்த ஒவ்வொரு டேங்கையும் வாங்கி, தானும் ஒருமுறை திறந்து மோந்து பார்த்தார். பதினோரு வருஷத்தில் அவர் அப்படி உட்கார்ந்ததில்லை. ஐந்து டேங்கு முடிந்தது. ஆறாவது நிரம்பிக்கொண்டிருக்கும்போது முன்கடையில் யாரோ கூப்பிட்டார்கள். மார்வின் எழுந்து போனார். திரும்பி வந்தபோது ஆறு, ஏழு, எட்டு மூன்றும் மூடியிருந்தன. அவற்றை அவர் திறக்கவில்லை. நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாத்திவிட்டு, தேநீர் வாங்கிவரப் போனார்.