பர்மா பாயின் பீப்பாய் அடுப்பு

ரங்கூனிலிருந்து கப்பலில் திரும்பியவர் என்பதால் ஊரில் அவரைப் பர்மா பாய் என்றார்கள். ஒட்டிய கன்னம், கட்டம் போட்ட லுங்கி. ரோடு போட்டவர்கள் எறிந்துவிட்டுப் போன தார் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து, கடலூர் முதுநகர் ரயிலடியில் கரியடுப்பு போட்டார். சைக்கிள் சக்கரக் கம்பிகளில் கறித்துண்டுகளைக் கோத்து, கருகாமல் நொடிக்கொரு தரம் உருட்டிக்கொண்டே இருப்பார்.

எங்கள் ஊருக்குத் தெருவில் கரியடுப்பு என்றால் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்தான்.

"பாய், இந்த அண்டாவுக்கு எவ்ளோ?" என்று முதல் நாளே ஒரு அம்மாள் வந்து நின்றாள்.

"ஈயம் இல்லம்மா, கறி. ஒரு கம்பி சாப்ட்டுப் பாருங்க."

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான்.

சில மாதம் கழித்து ஈயம் பூச ஒரு குண்டானோடு நான் போனபோது அதே அடுப்பில் பித்தளைப் பாத்திரம் காய்ந்துகொண்டிருந்தது.

"கறி என்னாச்சு பாய்?"

"கறி வாசனை இவங்களுக்கு ஆவல. ஈயத்துக்குப் போடுற நவச்சாரப் பொகையில மட்டும் இருமிக்கினே நிக்கிறாங்க, பாருங்க."

என் கையிலிருந்த குண்டானை வாங்கி நெருப்பில் வைத்தார். இடுக்கியால் பிடித்து, கருகிவிடுமோ என்பதுபோல் நொடிக்கொரு தரம் அதை உருட்டிக்கொண்டே இருந்தார்.