டிக்கிக்குப் போன பற்றரி

போரால் பெற்றோல் கிடைக்காத அந்த ஆண்டுகளில் எங்கள் குடாநாட்டில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. ஸ்ரார்ட் பண்ணும் அந்த நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றும் சேலைன் போத்தலில் அதை ஊற்றி, பொனற்றுக்குள் கட்டித் தொங்கவிட்டு, குழாயைக் காபரேற்றருக்குள் விடுவார்கள். எஞ்சின் பிடித்ததும் குழாயை இறுக்கி மூடிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாறிவிடுவார்கள்.

புத்தூரில் எங்கள் வீட்டில் நின்ற பழைய காரிலும் அப்படி ஒரு போத்தல் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயம் வரும். அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் பற்றரி இருந்தது. ஒரு பொறி பறந்தால் போதும். மகள் அப்போது நிறைமாதம். மருமகன் ஜேர்மனியில். அவளைப் பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவன் நான்தான். அதனால் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் விடுமுறையில் பற்றரியைக் கழற்றி, பின்னால் டிக்கிக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

தடித்த வயர் எந்தக் கடையிலும் இல்லை. மின்சாரம் நின்றதிலிருந்து கிணற்றடியில் சும்மா கிடந்த மோட்டரின் வயரைப் பல புரியாக முறுக்கி முன்பக்கத்துக்கு இழுத்தேன். பற்றரியின் மற்ற முனையைக் காரின் உடம்போடு பொருத்த ஒரு பட்டி தேவைப்பட்டது. எஞ்சினுக்கும் காரின் சட்டத்துக்கும் இடையில் செப்புக் கம்பியால் பின்னிய பட்டி ஒன்று இருந்தது. எஞ்சின் சட்டத்தின் மேல்தானே இருக்கிறது, இரும்போடு இரும்பு, இடையில் இது எதற்கு என்று அதைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். எவரிடமும் கேட்கவில்லை. செய்து முடித்த பிறகு கண்டவர்களிடமெல்லாம் அதைப் பற்றிச் சொன்னேன்.

அன்றிலிருந்து கார் முரண்டு பிடித்தது. சாவியைத் திருப்பினால் விளக்குகள் பளிச்சென்று எரியும். ஸ்ரார்ட்டர் மட்டும் நோயாளி போல முனகி அடங்கிவிடும். பற்றரி முனைகளைச் சுடுதண்ணீரால் கழுவினேன். பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டினேன். மண்ணெண்ணெயில் கலப்படம் என்று கடைக்காரனைக் குறை சொன்னேன். ஒருநாள் நான் ஸ்ரார்ட் பண்ண, காபரேற்றருக்குள் காற்றைக் குறைக்க உள்ளேயிருந்து இழுக்கும் சோக் கம்பியை என் மனைவி இழுத்துப் பிடித்திருந்தாள். சட்டென்று கையை உதறினாள்.

"இஞ்சாருங்கோ, இந்தக் கம்பி சுடுது."

"எஞ்சினிலை இருந்து வாற கம்பி சுடாமல் குளிருமே?"

"எஞ்சின் இன்னும் ஓடவே இல்லையே."

"நீ உன்ரை வேலையைப் பார்."

மேட்டில் நிறுத்திவைத்து உருட்டிவிட எங்கள் ஊரில் மேடு கிடையாது. ஒவ்வொரு முறையும் ஆட்களைக் கூப்பிட்டுத்தான் தள்ள வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் சலிக்காமல் வருவார். வாயும் சும்மா இராது.

"மாஸ்ரர், எல்லாற்றை பற்றரியும் முன்னுக்கு நிண்டு வேலை செய்யுது. உங்கடை பற்றரி துரை மாதிரிப் பின்னுக்கு இருந்து வருது. பிறகெங்கை கார் ஓடுறது?"

நானும் சிரித்து வைப்பேன். பழையபடி மாற்றிவிடலாம் என்ற எண்ணம் வராமல் இல்லை. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேனே என்ற எண்ணம் அதைத் தடுத்தது.

ஒரு காலையில் மகளுக்கு வலி கண்டது. அவளையும் மனைவியையும் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முனகல்கூட வரவில்லை. தோட்டக்காரரும் இன்னும் இருவரும் ஓடி வந்து தள்ளினார்கள். முந்திய இரவு பெய்த மழையில் வீட்டுக்கு முன்னாலிருந்த ஒடுங்கிய ஒழுங்கை சேறாகிக் கிடந்தது. கார் அசைந்து அசைந்து நின்றுவிட்டது. அப்போது பின்கதவு திறந்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மனைவியும் அவளோடு இறங்கினாள்.

"ஏன் பிள்ளை இறங்கினனீ?"

"பாரம் குறையட்டும் அப்பா. தள்ளச் சொல்லுங்கோ."

வேலியில் கையூன்றி அவள் நின்றாள். தள்ள வந்தவர்கள் அவளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோட்டக்காரரின் வாயிலிருந்து அன்று ஒரு பகிடியும் வரவில்லை. எஞ்சின் பிடித்தபோது அவள் ஒழுங்கையில் வெகுதூரம் பின்னால் நின்றாள். நிறுத்திவிட்டுப் போய்க் கூட்டிவர எனக்குத் துணிவில்லை. காலை அக்சிலேற்றரில் இருந்து எடுக்காமல் அப்படியே இருந்தேன். சேற்றுக்குள்ளால் அவள்தான் தாயின் தோளைப் பிடித்தபடி நடந்து வந்தாள்.

பருத்தித்துறைக்குப் போகும் வழியில், வல்லை வெளியில், ஓடும் வாகனத்தைக் கண்டால் சுடும் ஆமி ஹெலிகொப்ரரின் சத்தம் கேட்டது. சைக்கிளில் போனவர்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு வீதியோரப் பள்ளத்தில் படுத்தார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கார் மறுபடி எழும்பாது. ஒளிக்க ஒரு மரமில்லாத அந்த வெளியில் ஓடிக்கொண்டிருந்த ஒரே வாகனம் எங்களுடையது. மனைவி மகளைத் தன் மடியில் சாய்த்து மூடிக்கொண்டாள். சத்தம் கடலின் பக்கம் போய்த் தேய்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் இறங்கி உள்ளே போனார்கள். நான் போகவில்லை. வேறு இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னால் என்ன செய்வது என்று எஞ்சினை ஓடவிட்டபடி இருந்தேன். வெகுநேரம் கழித்துப் பொனற்றைத் திறந்து பார்த்தேன். எஞ்சின் நடுங்கிக்கொண்டிருந்தது. காரின் சட்டமோ அசையவில்லை. இரண்டுக்கும் இடையில் கறுப்பாகக் கட்டை கட்டையாக ரப்பர்கள் இருந்தன.

அப்போதுதான் விளங்கியது. இரும்போடு இரும்பு எங்கேயும் தொடவில்லை. எஞ்சினிலிருந்து மின்சாரம் திரும்பிப் போவதற்கு இருந்த வழி நான் கழற்றிய பட்டிதான். அது இல்லாமல் போகவே, ஸ்ரார்ட்டர் இழுக்கும் அவ்வளவு மின்சாரமும் அந்த மெல்லிய சோக் கம்பி வழியாகப் போகப் பார்த்திருக்கிறது. மனைவியின் கையைச் சுட்டது அதுதான். அந்தக் கம்பி பெற்றோல் போத்தலை உரசிக்கொண்டு போனது. நெருப்புக்குப் பயந்து பற்றரியை மாற்றியவன் நான்.

மனைவி படியில் இறங்கி வருவது தெரிந்தது. நான் ஓடிப்போனேன்.

"கண்டுபிடிச்சிட்டன்! எஞ்சினுக்கு எர்த் இல்லை. அந்தப் பட்டி..."

அவள் கடைசிப் படியில் நின்றாள்.

"உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கு," என்றாள். "தாயும் பிள்ளையும் சுகம். அப்பா எங்கையெண்டு கேக்கிறாள்."

உள்ளே போனேன். கை முழுக்க எண்ணெய்க் கரி. குழந்தையைத் தொடவில்லை. மகளின் பாதங்களில் ஒழுங்கைச் சேறு காய்ந்திருந்தது. யன்னலுக்கு வெளியே கார் இரைந்துகொண்டிருந்தது. அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணும் அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடை காரே அப்பா உது?" என்று மகள் கேட்டாள்.

"ஓம்."

"போய் நிப்பாட்டிப்போட்டு வாங்கோ. இனி அவசரமா ஓரிடமும் போகத் தேவையில்லைத்தானே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். வெளியே வந்து காருக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடித்தேன். அதைத் திருப்ப எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.