பதினெட்டாவது பிளேட்

கோமளம் அக்காவிடம் கல்ச்சர் என்று சொல்லிவிட்டு யாரும் லேசில் தப்ப முடியாது. கொல்கத்தாவில் அது எல்லார் வாயிலும் புழங்குகிற சொல். டாக்குரியாவில் அவர் பாடாவின், அதாவது பேட்டையின், கிளப் செயலாளர் பாட்டுக் கச்சேரிக்கு அழைக்க வந்தால், "இதுதான் நம்ம பாடாவோட கல்ச்சர், தீதி" என்பார். ஸ்டேஷன் பக்கத்து மிட்டாய்க் கடைக்காரர், தன் தயிர் கல்லாக உறைவதற்குத் தாத்தா காலத்து உறைமோரின் கல்ச்சர்தான் காரணம் என்பார். ஐ.டி. கம்பெனிக்குப் போகும் மகன் நரேன், "எங்க ஆபீஸ் கல்ச்சரே வேறம்மா" என்பான். மூவருக்கும் அக்காவின் பதில் ஒன்றுதான்.

"ஒரு நாள் மூடி வச்சுத் திறந்து பார்த்தாத்தான் உள்ள என்ன வளருதுன்னு தெரியும்."

அவர் தொழிலே அதுதான். காய்ச்சல்காரரின் ரத்தத்தை பாட்டிலில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்த்துச் சொல்லும் லேப் எங்களுடையது. எங்களுக்கு அதன் பெயர் கல்ச்சர். நான் சாய்ராம், அங்கே ரிப்போர்ட் டைப் அடிக்கிறவன். அக்கா, துறைமுகத்தில் வேலை கிடைத்த கணவர் நடராஜனோடு விருதுநகரிலிருந்து வந்தவர். லேபில் இருபத்தாறு வருஷம்.

சந்தேகம் அவருக்கு வேலைக்கு முன்பே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டார். பஸ் ஏறியதும் வீட்டில் இருக்கும் கணவருக்கு போன் செய்து, காஸ் அணைத்திருக்கிறதா என்று கேட்பார். அவர் "அணைச்சாச்சு" என்றால், "உக்காந்த இடத்துல இருந்து சொல்லாதீங்க, எந்திரிச்சுப் போய்ப் பாருங்க" என்பார்.

போன துர்கா பூஜைக்கு வங்காளிகள் எல்லோரும் லீவு. நவமி அன்று லேபில் நாங்கள் இரண்டே பேர். நமக்கு அன்றைக்கு ஆயுத பூஜை ஆயிற்றே. அக்கா சந்தனம் குழைத்து, பாட்டில்களைத் திறக்கும் கண்ணாடிக் கூண்டின் கைப்பிடியில் பொட்டு வைத்து, குங்குமமும் இட்டார். அவர் கொண்டு வந்த சுண்டலை வாங்கித் தின்றவன் நான். அதன்பின் வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டு ஏறியது. கூட்டித் துடைக்கும் மாஷியும் சாமி விஷயம் என்று அதைச் சுற்றியே துடைத்தார்.

பூஜை முடிந்து லேப் திறந்த அன்று நாகர்கோவிலிலிருந்து மிருதுளா வேலைக்குச் சேர்ந்தாள். பாட்டில் திறப்பது அவள் வேலை, வளர்ந்ததைப் படிப்பது அக்கா வேலை. முதல் நாளிலிருந்தே அக்கா அவளை நம்பவில்லை. தினமும் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி நகம் பார்ப்பார்.

மூன்றாவது வாரம் வினை வந்தது. மூன்று நோயாளிகளின் ரத்தத்தில் ஒரே கிருமி வளர்ந்தது. மண்ணிலும் தூசியிலும் கிடக்கிற சாதாரணக் கிருமி. மூன்று பேர் ரத்தத்திலும் அது இருக்க வழியே இல்லை. எங்கள் லேபில்தான் பாட்டிலுக்குள் விழுந்திருக்க வேண்டும். இல்லாத நோய்க்கு அவர்களுக்கு மருந்து ஏறியிருந்தது.

எங்கள் மேலதிகாரி டாக்டர் குண்டு (பெயர்தான் குண்டு, ஆள் ஒடிசல்) அக்காவைக் கூப்பிட்டார்.

"கோமள்தி, எல்லாம் இந்தப் பொண்ணு வந்த பிறகுதான். நம்ம லேப் கல்ச்சருக்கு இவ ஒத்து வரமாட்டா."

எனக்கும் அப்படித்தான் பட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. வேலைநீக்கக் கடிதத்தை டைப் அடித்தவனும் நானே. கை சுத்தமில்லை என்று பெயர் வாங்கினால் இந்தத் தொழிலில் இன்னொரு லேப் வாசலை மிதிக்க முடியாது. மிருதுளா மூலையில் நின்று மறுபடி மறுபடி கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் குடுங்க" என்றார் அக்கா. "பார்க்காம எப்படிச் சொல்றது?"

அன்று பகல் முழுக்கப் பஞ்சுக்குச்சியோடு அலைந்தார். மிருதுளாவின் வலது கை, இடது கை, குழாய், ஸ்பிரிட் பாட்டில், என் கீபோர்டு கூட. பதினேழு இடங்கள், பட்டியலை நான்தான் எழுதினேன். ஒவ்வொன்றிலும் தடவி எடுத்ததைக் கிருமி வளர்க்கும் தட்டில் தேய்த்து மூடி வைத்தார், இடத்துக்கு ஒரு பிளேட்.

மறுநாள் அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். மேஜையில் வரிசையாக பிளேட்கள். மிருதுளாவின் கைகள் இரண்டிலும் ஒன்றுமே வளரவில்லை. என் கீபோர்டைப் பற்றிப் பேச வேண்டாம். எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு இருந்தது. கடைசி பிளேட்டில் மட்டும் சுருங்கிய அப்பளம் போலச் சாம்பல் நிறத்தில் வளர்ந்திருந்தது. மூன்று நோயாளிகளிடம் வளர்ந்த அதே கிருமி. மேலே அக்காவின் கையெழுத்தில் 'சந்தனம்' என்றிருந்தது.

"நேத்து நீ போனப்புறம் எடுத்தேன்" என்றார். "எல்லாத்தையும் சந்தேகப்பட்டுட்டு அதை மட்டும் விட்டா எப்படி? கைப்பிடியைத் தொட்ட கையோடதான் அவ பாட்டிலைத் தொட்டிருக்கா. ஸ்பிரிட்டுக்கு இந்தச் சனியன் சாகாது."

அந்த பிளேட்டைக் குப்பையில் போட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அக்கா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "டைப் பண்ணு" என்றார். கிருமி இருந்த இடம், கைப்பிடிச் சந்தனம். வைத்தவர், கே. கோமளம்.

"பேரு எதுக்குக்கா? பூஜைச் சந்தனம்னு மட்டும் போடலாமே. ரிட்டையர் ஆக ரெண்டு வருஷந்தான் இருக்கு."

"பேரு இல்லாம விட்டா, நாளைக்கு அதையும் அந்தப் புள்ளதான் வச்சதுன்னு ஆக்கிடுவாங்க. இந்த எடத்தை எனக்குத் தெரியும். அடிடா."

அடித்தேன். அச்சான தாளை வாங்கி, என்னையும் நம்பாமல், பெயர் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு கைப்பிடியைச் சுரண்டித் துடைத்தார்.

ஒன்பது மணிக்கு மிருதுளா வந்தாள். அழுத முகம். விஷயம் எதுவும் தெரியாமல், வழக்கம்போல அக்கா முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அக்கா அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார்.

"இன்னைக்கு நீ பாரு" என்றார்.