உச்சி வெயிலில் ராஜகுமாரி

ராஜகுமாரி போர்ட் பிளேரில் ஒரு பல்கலைக்கழகக் கிளையின் ஆய்வகத்தில் உதவியாளர். 2011 பங்குனியில், முப்பத்தொன்பதாவது வயதில், அவள் ஓட ஆரம்பித்தாள். மதிய இடைவேளை விட்டதும் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பழைய தோட்டத்தில் இறங்கிவிடுவாள். வெள்ளைக்காரர்கள் ஜாதிக்காயும் கிராம்பும் நட்டுப் பார்த்த தோட்டம் அது. மதில் கைதிகள் கட்டியது. தூங்குமூஞ்சி மரங்களின் பூக்கள் பாதையெல்லாம் இளஞ்சிவப்பாய் உதிர்ந்து கிடந்தன.

முதல் நாள் தோட்டக்காரர் சண்முகம் மண்வெட்டியோடு பாய்ந்து வந்தார்.

“க்யா ஹுவா தீதி? என்னாச்சு, பாம்பா?”

“இல்லண்ணே. சும்மா ஓடுறேன்.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் மறுநாள் பாதையின் குறுக்கே கிடந்த தண்ணீர்க் குழாயைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்.

செய்தி பாராடாங் தீவு வரை போயிற்று. அவள் கணவன் சிவஞானத்துக்கு அங்கே வண்டிகளை அக்கரை சேர்க்கும் ஃபெர்ரியில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். “வீட்டுல ஏதும் பரேஷானியா, கஷ்டமா? உங்க சம்சாரம் தினமும் வெயில்ல ஓடுதாமே” என்று கூட வேலை செய்பவன் கேட்டதும் அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. லீவில் வீட்டுக்கு வந்தான். மறுநாள் மதியம் நேராகத் தோட்டத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

வளைவில் திரும்பியதும் அவனைப் பார்த்து ராஜகுமாரி நின்றுவிட்டாள். முகமெல்லாம் வியர்வை.

“என்னங்க, இங்க?”

“ஊரே பேசுது. உடம்புக்கு ஏதும் சொன்னாங்களா டாக்டர்?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல.” மூச்சு வாங்கப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஷூ கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“கச்சால்ல அன்னைக்கு ஓடுனதுதாங்க கடைசி. அப்புறம் பஸ்ஸப் புடிக்கக்கூட நான் ஓடுனதில்ல. ஓடுனா பின்னாடி தண்ணி வாற மாதிரியே இருக்கும். பின்னாடி ஒண்ணும் வராம ஒரு தடவ ஓடிப் பாக்கணும்னு இருந்துச்சு.”

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். சுனாமி வந்த காலையில் கரையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவள் ரப்பர் மேட்டுக்கு ஓடித் தப்பினாள். கூட வந்த பக்கத்து லயத்து வரிசை வீட்டு ரெங்கம்மா மேடு ஏறவில்லை. இது சிவஞானத்துக்கும் தெரியும். ஆனால் ஓட்டத்தைப் பற்றி அவள் சொல்வது இதுதான் முதல் தடவை.

“இப்ப வருதா?” என்று கேட்டான்.

“மொத நாலு நாள் திரும்பித் திரும்பிப் பாத்தேன். இப்ப இல்ல. இன்னும் ரெண்டு சுத்து பாக்கி இருக்கு.”

“போ, நானும் வர்றேன்.”

செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு அவளோடு ஓடினான். கிராம்பு மரம் வரைக்கும்தான் முடிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்துச் சண்முகம் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சிவஞானம் முகத்தைக் கழுவிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தான். அதற்குள் ராஜகுமாரி மதிலோரம் போய்விட்டிருந்தாள்.

வைகாசி மழையில் பாதை வழுக்கியதால் ஓட்டம் நின்றது. மார்கழியில் மழை விட்டதும் ஆய்வகத்து ஜெயமணியையும் கூட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.