போர்ட்டிகோவில் ஒரு புன்னை

வீடு கட்டுகிறவர்களுக்கு மேஸ்திரி மேல் வரும் கோபம் கூலியோடு தீர்ந்துவிடும். டிசைன் இன்ஜினியர் மேல் வரும் கோபம் கிரகப்பிரவேசம் முடிந்தும் தீராது. தூணுக்கும் பீமுக்கும் கணக்குப் போட்டு, வாடிக்கையாளரிடமும் முதலாளியிடமும் மாறி மாறி வாங்கிக் கட்டிக்கொண்ட என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் காரைக்காலில் ஒரு சின்ன கட்டட அலுவலகத்தில் இருந்தேன். எனக்குக் கூடுதலாக இரண்டு வியாதி: படம் வரைவேன், மரத்தையும் பறவையையும் கண்டால் வந்த வேலையை மறந்துவிடுவேன்.

கொக்கும் சேர்த்தி

வரிச்சிக்குடி விவசாயி ஒருவருக்கு வீட்டின் முகப்புப் படம் தயாரித்தேன். கம்ப்யூட்டர் போட்ட கோடுகள் மொட்டையாக இருந்தன. மனசு கேட்காமல் கைப்பிடிச் சுவர்மேல் பேனாவால் இரண்டு கொக்குகளை உட்கார வைத்தேன். வந்தவர் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். அறை எத்தனை, படி எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்கவில்லை. நேரே எங்கள் முதலாளியிடம் போனார்.

"ஏன் சார், கொக்கு ரெண்டும் நீங்க சொன்ன ரேட்டுலயே சேர்த்திதானே?"

மாடியில் தோட்டம்

அதோடு பறவைகளுக்குத் தடை விழுந்தது. செடிக்குத் தடை இல்லையே என்று, கருக்களாச்சேரியில் மீன் வியாபாரம் செய்யும் ஓர் அக்காவின் வீட்டுக்கு மொட்டைமாடியில் தோட்டம் போட்டேன். ஈரமண்ணின் கனம் தாங்கத் தளத்துக்குக் கம்பியைக் கூட்டி, மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் இடம் ஒதுக்கி, பெருமையாக விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வெயில் நல்லா அடிக்குமா தங்கச்சி? அப்பச் சரி, பூவை எடுத்துட்டு அந்த எடத்துல கருவாடுன்னு எழுதிக்க."

வெட்டிடலாம்

பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, பூவத்தில் மனை வாங்கியவரை ஊரே முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிட்டது. மனையின் முன்பக்கம் பெரிய புன்னை. இடம் பார்க்கப் போன அன்று தரையெல்லாம் வெள்ளைப் பூ. எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றேன். கார் நிறுத்தப் போர்ட்டிகோ வேண்டும் என்றார் முசே. முதலாளி டேப்பை இழுத்து அளந்தார். போர்ட்டிகோவின் தூண் சரியாகப் புன்னையின் மேல் விழுந்தது. "வெட்டிடலாம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அந்தத் தூணே வேண்டாம், சுவரிலிருந்து பீமை நீட்டிக் கூரையில் திறப்பு விட்டால் மரம் அதன் வழியே மேலே போகும் என்றேன். கம்பி கூடும், ஆனால் நிற்கும் என்றேன். முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"வரைஞ்சு காட்டுங்க, வேணாங்கல. ஆனா முசே வேற ஆளைத் தேடிப் போனாருன்னா, நீங்களும் வேற ஆபீஸ் தேடிக்குங்க."

விட்டுப்போனது

மரமும் போகக் கூடாது, வேலையும் போகக் கூடாது. வாட்டர்கலரில் உயிரைக் கொடுத்து வரைந்தேன். இலையின் பளபளப்பு, தரையில் பூ, கிளையில் தடையை மீறி ஒரு மாங்குயில். முசே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "கார் எங்கம்மா?" என்றார். காரை நான் வரையவே இல்லை. வரைந்திருந்தாலும் உள்ளே போயிருக்காது: மரம் நடுவில் வந்தால் அழகு என்று போர்ட்டிகோவையே நகர்த்திவிட்டிருந்தேன். கம்பிக் கணக்கில் ஒரு பிசகு கிடையாது. கார் எப்படி நுழையும் என்பது மட்டும் தோன்றவில்லை. முதலாளி வாசலைப் பார்த்தார். எனக்கு வழி காட்டுகிறார் என்றே நினைத்தேன்.

முசேயோடு வந்திருந்த அவர் மனைவி படத்தைக் கையில் வாங்கினார். பார்த்தார், சிரித்தார்.

"இவரு காரு இல்லாம வாசல் எவ்வளவு லட்சணமா இருக்கு! நாற்காலி ரெண்டு வரைஞ்சு குடும்மா, காரு தெருவுல நிக்கட்டும்."

குடிவந்த பிறகு

வீடு முடிந்து சில மாதம் கழித்து, பயந்துகொண்டேதான் போனேன். கார் தெருவில் உறை போர்த்திக்கொண்டு நின்றது. உறையெல்லாம் புன்னைப் பழம் தின்ன வந்த வௌவால்களின் எச்சம். முசே புன்னையின் அடியில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று பார்த்தால், இன்னொரு நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க. பிரான்ஸ்லேர்ந்து வர்ற சொந்தக்காரன்லாம் மரத்தோட நின்னு போட்டோ எடுத்துக்கிறான், என் காரை ஒரு பய எட்டிப் பாக்கல."

நான் கணக்குப் போட்டு நிறுத்திய தூண்களெல்லாம் பூச்சுக்குள் மறைந்துவிட, பூவம் பக்கம் போனால் இன்றும் என் பேர் சொல்ல நிற்பது, என்னவோ, நான் கணக்கே போடாத, பூ உதிர்க்கும் அந்த ஒரு தூண்தான்.