அலாரத்தின் வாயை அடைக்கும் அண்ணன்

நெய்வேலி டவுன்ஷிப்பில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு மிஷினைச் சரிசெய்வது சுலபம். மிஷின் வைத்திருப்பவரைச் சரிசெய்யத்தான் இதுவரை யாரும் ஸ்பேர் பார்ட் விற்கவில்லை. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களே, எங்கள் கோவிந்தசாமி அண்ணன் கதையைக் கேளுங்கள்; உங்கள் ஊரிலும் வேறு பெயரில் ஒருவர் இருப்பார்.

சாம்பல்

அண்ணனுக்கு அனல் மின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் ஷிப்ட் வேலை. கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ, வைரஸ்தான் என்று அவரே தீர்ப்புச் சொல்லி என்னைக் குவார்ட்டர்ஸுக்குக் கூப்பிட்டார். கழற்றிப் பார்த்தால், ஃபேனே தெரியாத அளவுக்கு மின் நிலையத்துச் சாம்பல். பிரஷ்ஷால் தட்டித் தட்டி எனக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். அண்ணன் என்னை முறைத்தார்.

"இவ்ளோ சாம்பல் உள்ள பூர்ற வரைக்கும் நீங்க போட்ட ஆன்டிவைரஸ் என்னா பண்ணிக்கினு இருந்துச்சி?"

எதிர் குவார்ட்டர்ஸ்

அடுத்த முறை, இருப்பதிலேயே அட்வான்ஸான ஆன்டிவைரஸைப் போடச் சொன்னார். மகள் செல்வியின் இன்ஜினியரிங் புராஜெக்ட் முழுக்க அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. பழைய ஆன்டிவைரஸ் வாசலில் நின்று, தெரிந்த திருடன் முகமா என்று மட்டும் பார்க்கும். புதியது, முகம் எப்படி இருந்தாலும், உள்ளே வந்தவர் எதைத் தொடுகிறார், எதை மாற்றுகிறார் என்று கவனித்துக்கொண்டே இருக்கும் என்று விளக்கினேன். அண்ணன் சும்மா தலையாட்டினார். காபி கொண்டுவந்த அவர் மனைவி வசந்தா அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"அப்போ எதிர் குவார்ட்டர்ஸ் அக்காவ உள்ள உக்கார வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க."

அக்னாலெட்ஜ்

புராஜெக்டைக் கொடுக்க வேண்டியதற்கு முந்தின நாள் செல்வி அழுதுகொண்டே போன் செய்தாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். புராஜெக்ட் ஃபைல்கள் எதுவும் திறக்கவில்லை. மெயிலில் வந்த எதையோ அண்ணன் திறந்திருக்கிறார், ஆன்டிவைரஸ் எச்சரித்திருக்கிறது. கண்ட்ரோல் ரூமில் அலாரம் கத்தினால் முதலில் பட்டனை அழுத்தி வாயை அடைத்துவிட்டு, அப்புறம்தான் என்ன ஏது என்று பார்ப்பார்கள். அதற்கு அக்னாலெட்ஜ் என்று பெயர். பல வருஷப் பழக்கத்தில் அண்ணனின் விரல் தானாகப் போய் 'அனுமதி'யை அழுத்திவிட்டது. "அலாரம் அடிச்சிது, நிறுத்துனேன், அது தப்பாங்க?" என்றார். பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

நல்லவேளை, ஆன்டிவைரஸ் அண்ணனை முழுசாக நம்பவில்லை. அவர் உள்ளே விட்ட புரோகிராம், ஃபைல்களை வரிசையாகப் பூட்ட ஆரம்பித்ததும் அதை மடக்கிப் பிடித்திருந்தது. பூட்டுவதற்கு முந்தைய நகல்களையும் எடுத்து வைத்திருந்தது. ஒவ்வொன்றாக மீட்டேன். புராஜெக்ட் திறந்ததும் செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இனிமே அது எங்கப்பாகிட்ட எதையும் கேக்காத மாதிரி செட் பண்ணிட்டுப் போங்க."

உண்மையிலேயே அட்வான்ஸான ஆன்டிவைரஸ் எது என்று இப்போது யார் கேட்டாலும், வைரஸைவிட வீட்டுக்காரரை அதிகமாகச் சந்தேகப்படுவதுதான் என்று சொல்லிவிடுகிறேன்.