எங்கள் வீட்டில் ஒரு தலைவர் தேர்தல்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் தேர்தல் நடந்தது. வாக்காளர்கள் நான்கு பேர். வேட்பாளர்... ஒருவரும் இல்லை!

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று மாதங்களாக நாங்கள் நான்கு பெண்கள் கொழும்பு பாமன்கடையில் ஒரு மேல்மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து இருக்கிறோம். வங்கியில் ஓய்வு பெற்ற பவானி அக்கா, கணவரை விட்டுவந்து தையல் வேலை செய்யும் பரீனா, கணவரை இழந்த நான், கலியாணமே கட்டாத மனோ. சட்டம் ஒன்றே ஒன்று – ஆண்களுக்கு இடமில்லை.

சட்டம் போடுவது சுகம். முதல் வாரமே காஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் ஆண். சிலிண்டரை வாங்கிக்கொண்டு ஆளை வாசல் கேற்றோடு அனுப்பிவிட்டோம். எங்கள் நால்வருக்கும் சேர்த்து ஒழுங்கான முழங்கால் மூன்றுதான்... இருபத்திரண்டு படி ஏற்ற ஒன்றரை மணித்தியாலம்! அன்றைக்கே சட்டத்துக்கு முதல் திருத்தம். இரண்டாவது திருத்தம், குழாய் திருத்துபவருக்கு. மூன்றாவது, பவானி அக்காவின் கடுவன் பூனைக்கு. பூனைக்கு மட்டும் இரண்டு நாள் விவாதம்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் இருந்தது. மனோவுக்கு ஐம்பத்தாறு வயது. வெள்ளவத்தையில் அண்ணா வீட்டில் முப்பது வருடம் சமைத்து, அவருடைய மூன்று பிள்ளைகளையும் வளர்த்துவிட்டு எங்களோடு வந்தவள். இப்போது அங்கே பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது. பார்க்க ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போவதாக அண்ணா சொல்லிவிட்டார். அவளுக்குப் போக விருப்பமில்லை. ஆனால் அண்ணாவிடம் "மாட்டன்" என்று சொல்ல வாய் வராது.

இந்த நேரத்தில்தான் வாக்காளர் பட்டியல் படிவத்தோடு கிராம சேவகர் வந்தார். பெண். ஆகவே திருத்தம் தேவைப்படவில்லை. முதல் கேள்வி – வீட்டுத் தலைவர் யார்?

நால்வரும் ஆளை ஆள் பார்த்தோம்.

"நீங்கள்தானே மூத்தவ, நீங்கள் இருங்கோவன் அக்கா" என்றேன்.

"ஏன், நாளைக்குத் தண்ணி வராட்டி என்னை ஏசவோ?" என்றார் பவானி அக்கா.

பரீனா இரண்டு கையையும் தூக்கினாள். "எனக்கு வாணாம். பதினேழு வருஷம் ஒரு தலைவரோட இருந்தேன். போதும்!"

சரி, சீட்டு எழுதிப் போடுவோம் என்று முடிவாயிற்று. மூன்று சீட்டில் 'மனோ'. நான்காவதில்... 'அண்ணா'.

"இது ஆர் எழுதினது?" என்று பவானி அக்கா கண்ணாடியை ஏற்றினார்.

மனோ தலை குனிந்தாள். "தலைவர் எண்டு கேட்டதும் கை தன்ர பாட்டில எழுதிப்போட்டுது அக்கா."

ஆண்களே இல்லாத வீட்டில், வாசலுக்கே வராத ஓர் ஆணுக்குக் கால்வாசி வாக்கு! ஆண்களைக் கேற்றில் நிறுத்திவிடலாம். அவரவர் மண்டைக்குள் குடியிருக்கும் தலைவரை எங்கே நிறுத்துவது?

பெரும்பான்மை வாக்கில் மனோ வென்றாள். அடுத்த கேள்வி – தலைவிக்கு மற்றவர்கள் என்ன முறை?

"சினேகிதி" என்றோம். "அப்படி நான் இதுவரைக்கும் எழுதினதே இல்லையே மிஸ்..." என்று அந்தப் பெண் பேனையைக் கடித்தார்.

"பரீனாவை மச்சாள் எண்டு போடுவம்" என்றார் பவானி அக்கா.

"அப்ப மனோவோட அண்ணனையா நான் கட்டணும்? அந்த ஆளுக்குச் சமைக்க ஏலாமத்தானே இவவே ஓடி வந்திரிக்கா!"

கடைசியில் எங்கள் மூவருக்கும் 'வேறு' என்று எழுதிக்கொண்டு அவர் தப்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை அண்ணாவின் போன் வந்தது. மனோ ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஞாயிறு பத்து மணிக்கு வருவன். வெளிக்கிட்டு நில்."

நாங்கள் மூவரும் போனைச் சுற்றி நின்றோம். மனோ போனை நெருங்கிப் பேசினாள்.

"இஞ்ச ஒரு தலைவி இருக்கிறா அண்ணா. அவவைக் கேக்காமல் வர ஏலாது."

"ஆரது? கெதியாக் கேட்டுச் சொல்லு!"

போனை வைத்தாள். குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். கதிரையில் இருந்து ஆறுதலாகக் குடித்தாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அண்ணாவுக்குப் போன் எடுத்தாள்.

"கேட்டனான் அண்ணா. அவ விடமாட்டாவாம்."